வள்ளித்தாயிடம் யாரும் கேட்காத கேள்வி

டாக்டருக்குப் படித்துவிட்டு நோயாளியையே பார்க்காதவள் என்று இன்பம் மேடத்தை அவருடைய சொந்தக்காரர்கள் கேலி செய்வார்களாம். கல்யாண வீட்டில் யாராவது கையை நீட்டி நாடி பார்க்கச் சொன்னால், "நான் மருந்தைப் பத்திப் பாடம் நடத்துற டாக்டர், மருந்து குடுக்குற டாக்டர் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சமாளிப்பதாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சாத்தூர்க்காரர். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மேடம் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மருந்தியலில் எம்.டி. படித்தார். கணவர் ஜெபசுந்தர் சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருந்தது. 2001-ஆம் ஆண்டு ஜூனில் மேடம் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். என் பெயர் மாரிக்கண்ணன். டி.பார்ம் படித்தவன்.

பல் மருத்துவப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வருடம் மருந்தியல் பாடம் உண்டு. அதை யாரும் மதிக்க மாட்டார்கள். பல்லைப் பிடுங்கப் போகிறவனுக்கு ஆஸ்துமா மருந்தும் வலிப்பு மருந்தும் எதற்கு என்பது அவர்களின் எண்ணம். மேடம் வருவதற்கு முன்பு பாதி வகுப்பு அந்தப் பாடத்தில் தவறிவிடும். அவர் வந்த பிறகு அது மாறியது. கரும்பலகை முழுக்கக் கட்டம் போடுவார். இந்த மருந்து, அதன் வேலை, பக்க விளைவு, எந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது என்று நான்கு பத்தி. பிள்ளைகள் கட்டத்தைக் கட்டமாகவே மனப்பாடம் செய்தார்கள். முதல் வருடமே ஆறு பேர் தவிர எல்லோரும் தேறினார்கள். முதல்வர் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

இன்னொரு காரியமும் அவர் செய்தார். வெளிநோயாளிகள் பிரிவான ஓ.பி.யில் பயிற்சி மருத்துவர்கள் ஆளுக்கொரு விதமாக மருந்து எழுதுகிறார்கள் என்பதால், பல் வலிக்கு இது, வீக்கத்துக்கு இது, சீழுக்கு இது என அளவோடும் வேளையோடும் ஒரு பெரிய அட்டையில் தன் கையால் எழுதி ஓ.பி. சுவரில் மாட்டினார். கூட்டமான நாட்களில் அது வெகு உதவியாக இருந்தது. சீட்டைப் படிக்காமலே மாத்திரையை எடுத்துவிடலாம் என்கிற அளவுக்கு எனக்கும் பழகிவிட்டது.

2005 செப்டம்பர். தீபாவளிக்கு ஆறேழு வாரம்தான் இருந்தது. சீசன் நேரத்தில் எங்கள் ஓ.பி.க்கு வருகிறவர்கள் அவசரத்தோடு வருவார்கள். பட்டாசுக் கம்பெனியில் லீவு கிடைக்காது. வந்த வேகத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று நிற்பார்கள்.

அப்படி ஒரு வியாழக்கிழமை வந்தவர்தான் வள்ளித்தாய். எம். புதுப்பட்டிக்காரர். முப்பத்திரண்டு வயது. வெடிப் பெட்டிகளில் லேபிள் ஒட்டிக் கட்டும் வேலை. கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் அழுகி, கன்னம் வீங்கியிருந்தது. அன்று ஓ.பி.யில் இருந்த பயிற்சி மருத்துவர் பாண்டிச்செல்வி. மேடம் இங்கே முதன்முதலாகப் பாடம் நடத்திய பேட்ச் மாணவி, மருந்தியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எடுத்தவள். வீக்கம் வடியட்டும், ஐந்து நாள் கழித்து வந்தால் பல்லை எடுத்துவிடலாம் என்று சொல்லி, சுவரில் இருந்த அட்டைப்படி மூன்று மருந்து எழுதினாள். அதில் ஒன்று மெட்ரோனிடசோல். பல் சீழுக்கு எல்லோரும் எழுதும் மருந்துதான். சீட்டு என் ஜன்னலுக்கு வந்தது. மாத்திரையை எடுத்து, சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை என்று சொல்லிக் கொடுத்தேன். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் வள்ளித்தாய் திரும்பி வந்தார். ஓ.பி.க்குப் போகாமல் நேராக என் ஜன்னலுக்கு வந்து, மாத்திரை தீர்ந்துவிட்டது, வேலை இருப்பதால் பல்லைத் தீபாவளி கழித்துப் பிடுங்கிக்கொள்கிறேன், அதுவரைக்கும் இன்னும் கொஞ்சம் மாத்திரை கொடுங்கள் என்றார். பல் விளக்கினால் ரத்தமாக வருகிறது என்பதையும் சொன்னார். பல் கெட்டிருந்தால் அப்படித்தான் வரும் என்று நான் சமாதானம் சொன்னேன்.

அந்த நேரத்தில் மேடம் அங்கே நின்றுகொண்டிருந்தார். வகுப்பில் காட்டுவதற்காகக் காலி மாத்திரை அட்டைகளை என்னிடம் வாங்கிப் போக வந்திருந்தார். அவர் பார்வை வள்ளித்தாயின் கையில் விழுந்தது. முழங்கைக்குக் கீழே கருநீலத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. நானும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கையில் கறை இல்லாத ஆளைப் பார்ப்பதுதான் அபூர்வம். ஒருத்தர் கை வெள்ளி மாதிரி மின்னும், ஒருத்தர் நகம் மஞ்சளாக இருக்கும், லேபிள் மையும் சாயமும் முழங்கை வரைக்கும் ஏறியிருக்கும். அது எனக்குச் சாயமாகத்தான் தெரிந்தது.

மேடம் என் மேஜையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து, "கையைக் குடுங்கம்மா" என்று வாங்கி அந்தத் திட்டின் மேல் மெதுவாகத் தேய்த்தார். அது சாயமில்லை. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு இடத்தில் தேய்த்தார். அங்கேயும் அப்படித்தான்.

"இது எப்பருந்து இருக்கு?"

"ரெண்டு மூணு நாளா இருக்கு டாக்டரம்மா. பண்டல் தூக்குனதுல கன்னிப்போச்சுன்னு நெனச்சேன்."

மேடம் இன்னும் கிட்டத்தில் போனார். அப்போது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்னைக் கையமர்த்தி, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். விசிறி நின்றதும் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. சின்ன கைக்கடிகாரம் ஓடுவதுபோல், வள்ளித்தாயின் நெஞ்சுக்குள்ளிருந்து டிக், டிக் என்று வந்துகொண்டிருந்தது.

"நெஞ்சுல ஆபரேஷன் பண்ணிருக்கீகளா?"

மூன்று வருடம் முன்னால் மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் வால்வு மாற்றியதாக வள்ளித்தாய் சொன்னார். அதற்குத் தினமும் மாத்திரை போடுகிறீர்களா என்று மேடம் கேட்டதும், தோளில் தொங்கிய மஞ்சள் பையிலிருந்து ஒரு நோட்டையும், ரப்பர் வளையம் போட்ட மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டினார். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மாத்திரை. செயற்கை வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் காப்பாற்றுவது அதுதான். அதோடு மெட்ரோனிடசோலைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த மாத்திரையின் வேகம் பல மடங்கு ஏறி, உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியத் தொடங்கும். நாங்கள் ஐந்து நாள் கொடுத்திருந்தோம். வலிக்குக் கொடுத்த மாத்திரை வயிற்றையும் புண்ணாக்கியிருந்தது. மலம் எந்த நிறத்தில் போகிறது என்று மேடம் காதோடு கேட்டார். இரண்டு நாளாகத் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று பதில் வந்தது.

மேடம் சத்தம் போடவில்லை. என்னிடம் கல்லூரி வேனை வரச் சொல்லச் சொன்னார். மதுரைக்குத் தொலைபேசியில் பேசினார். வள்ளித்தாயைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றி, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கணவருக்குச் சொல்ல வேண்டும் என்று வள்ளித்தாய் திரும்பத் திரும்பச் சொன்னதால், லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த சங்கிலிமுத்துவுக்கு நான் ஆளனுப்பினேன்.

மதுரையில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண் மூன்றையொட்டி நிற்க வேண்டும், அது ஒன்பதைத் தாண்டியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார்களாம். வால்வு மாத்திரையின் வேகத்தை முறிக்கும் மருந்தை அதிகமாகக் கொடுத்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், குறைவாகக் கொடுத்தால் கசிவு நிற்காது. அளந்து அளந்து கொடுத்து, ரத்தமும் ஏற்றினார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வள்ளித்தாய் பிழைத்துக்கொண்டார்.

வள்ளித்தாயை மதுரையில் சேர்த்த மறுநாளே மேடம் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பழைய விடைத்தாள் இருந்தது. பாண்டிச்செல்வி இரண்டாம் வருடத்தில் எழுதிய பரீட்சை. மெட்ரோனிடசோலை எந்தெந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது என்ற கேள்விக்கு முதல் வரியிலேயே, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் மேடத்தின் சிவப்பு மையில் மூன்றுக்கு மூன்று.

"அவளுக்குத் தெரியும் மாரிக்கண்ணன். தெரிஞ்சும் எழுதிட்டா. அப்ப நான் என்னத்தைச் சொல்லிக் குடுத்திருக்கேன்?"

சீட்டைக் கூடப் பார்க்காமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான் என்று மட்டும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து ஓ.பி.க்குப் போய், சுவரிலிருந்த அந்த அட்டையைத் தானே கழற்றினார்.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். பாண்டிச்செல்விக்கு மெமோ கொடுத்து, பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டுவது என்று பேச்சு வந்தது. வேறு நோய் உண்டா என்று நோயாளியிடம் கேட்டேன், இல்லை என்றுதான் சொன்னார்கள் என்று அவள் அழுதாள். மேடம் எழுந்து, அந்த மருந்துச் சீட்டில் இருந்தது தன்னுடைய அட்டை, எழுதிய கை மட்டும்தான் பாண்டிச்செல்வியுடையது, மெமோ கொடுப்பதானால் முதலில் தனக்குக் கொடுங்கள் என்றார். நானும் எழுந்து, மாத்திரை கொடுத்தவன் நான் என்று சொன்னேன். மூன்று பேருக்கும் எச்சரிக்கை எழுதி அதோடு முடித்தார்கள். என் பெயர் அந்தத் தாளில் இருப்பதில் எனக்கு இன்று வரை வருத்தம் இல்லை.

ஆனால் பாண்டிச்செல்வி கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேடம் அவள் ஊரான நாரணாபுரத்துக்குக் கிளம்பினார். வழி காட்ட நானும் போனேன். அவள் அப்பா மாரிசாமி ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிற பிள்ளை அவள். எங்களை உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, மகள் சாப்பிடுவதே இல்லை, வேறு ஏதாவது வேலைக்குப் போகிறேன் என்கிறாள் என்றார். பாண்டிச்செல்வி கதவோரம் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. தன் கையால் ஓர் ஆள் சாக இருந்தார், இனி எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போட முடியாது என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

மேடம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மாரிசாமி பேசினார். அவர் மகளிடம் பேசவில்லை, மேடத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"எங்க வேலையில ஒரு ரூமுல தப்பு நடந்து ஆளு பொளச்சுக்கிட்டாம்னா, மறுநா காலையில வேலை ஆரம்பிக்க முன்னால அத்தனை பேரையும் கூட்டி வச்சு, யாரு என்ன செஞ்சா, எங்கன பிசகுச்சுன்னு அந்த ஆளையே சொல்லச் சொல்லுவேன். வெக்கமாத்தான் இருக்கும். ஆனா மறைச்சா, அடுத்த ரூமுக்காரன் அதே தப்பைச் செய்வான். அவனும் பொளப்பாம்னு சொல்ல முடியாதுல்ல டீச்சரு."

மேடம், எம்.டி. படிக்கும்போது இதை யாரும் தனக்குச் சொல்லித் தரவில்லை என்றார். அவரிடம் கைகூப்பி நன்றி சொன்னபோது மாரிசாமி கூச்சப்பட்டு எழுந்து நின்றுவிட்டார். மறுநாள் காலை எட்டரை மணிப் பேருந்தில் பாண்டிச்செல்வி வந்தாள்.

அடுத்து மேடமும் நானும் வள்ளித்தாயின் ஊரான எம். புதுப்பட்டிக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம் என்று மேடம் வழியிலேயே சொல்லியிருந்தார். சங்கிலிமுத்து கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் நாற்காலி இரவல் வாங்கிவர ஓடினார். வள்ளித்தாய் இளைத்திருந்தாலும் தெளிவாக இருந்தார். மேடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நாங்கள் கொடுத்த மருந்தால்தான் இப்படி ஆனது, தவறு எங்களுடையது என்றார். வள்ளித்தாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"நோயி இருக்கான்னு அந்தப் பாப்பா கேட்டுச்சு. எனக்குத்தான் ஆபரேஷன் பண்ணி நல்லாயிருச்சே, பெறகு எப்படி நோயி இருக்குன்னு சொல்லுவேன்? மாத்திரை எதும் போடுறீகளான்னு கேட்டிருந்தா பையைத் தொறந்து காட்டிருப்பேன். அதை யாரும் கேக்கலை டாக்டரம்மா. நீங்க ஒருத்தருதான் கையத் தொட்டுப் பாத்தீக. உங்களாலதான் இங்கன உக்காந்திருக்கேன்."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் ஒருநாள் எங்கள் பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார முடியுமா என்று கேட்டார். அம்புட்டு பேர் முன்னால் தனக்கு என்ன பேசத் தெரியும் என்று வள்ளித்தாய் பயந்தார். ஒன்றும் பேச வேண்டாம், பிள்ளைகள் கேட்பார்கள், கேட்டதற்கு மட்டும் உள்ளதைச் சொன்னால் போதும் என்று மேடம் சொன்னார். தீபாவளி கழித்து வேலை குறைந்ததும் வருவதாக வள்ளித்தாய் ஒத்துக்கொண்டார்.

நவம்பர் கடைசியில் அந்த வகுப்பு நடந்தது. நானும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பாண்டிச்செல்வி எனக்குப் பக்கத்தில். வள்ளித்தாய் நீலப் பட்டுச் சேலை உடுத்தி, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு மேடை மேல் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் பிள்ளைகளிடம், இவருக்குப் பல் வீங்கியிருக்கிறது, மருந்து எழுதுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றார். என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை.

முதலில் எழுந்தவன் சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. அடுத்தவள் வேறு நோய் ஏதும் உண்டா என்றாள். இல்லை. மூன்றாமவன் அலர்ஜி உண்டா என்றான். அப்படியென்றால் என்ன என்று வள்ளித்தாய் திருப்பிக் கேட்டார். வகுப்பு சிரித்தது. அவனால் அதைத் தமிழில் விளக்க முடியவில்லை. ஒருவன் தாளில் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனான்.

"என்னப்பா, தாளைப் பாத்துக் கேக்க? பல்லு வலி எனக்குல்ல. என் மூஞ்சியப் பாத்துக் கேளு" என்றார் வள்ளித்தாய். அதற்குள் அவருக்குப் பயம் தெளிந்துவிட்டது.

பதினோரு பேர் கேட்டு உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவதாகப் புகழேந்தி என்ற பையன் எழுந்தான். சுமாராகப் படிக்கிறவன். அவன் அம்மா ரத்தக் கொதிப்புக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர் என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, காலையில எந்திரிச்சதுலருந்து படுக்குற வரைக்கும் என்ன மாத்திரையெல்லாம் போடுவீக?"

வள்ளித்தாய் மேடத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு பையைத் திறந்து நோட்டையும் மாத்திரை அட்டையையும் மேஜை மேல் வைத்தார். மேடம் அந்த மருந்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதினார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் போன மாதப் பரீட்சையில், மெட்ரோனிடசோலோடு எதைச் சேர்க்கக் கூடாது என்ற அந்தக் கேள்விக்கு மூன்றுக்கு மூன்று வாங்கியவர்கள்.

அப்போது யாரும் கூப்பிடாமலே பாண்டிச்செல்வி எழுந்து முன்னால் போனாள். செப்டம்பர் மாதம் இந்த அக்காவுக்கு மெட்ரோனிடசோல் எழுதியது நான்தான் என்று ஆரம்பித்து, என்ன கேட்டாள், என்ன கேட்கவில்லை, பிறகு என்ன ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் வள்ளித்தாய் நாற்காலியில் இருந்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் சொல்லி முடிக்கும் வரை விடவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. அது இன்னும் அங்கேயேதான் இருந்தது. மதுரை இதய மருத்துவரைக் கலந்துகொண்டு, ரத்தச் சோதனை செய்து, பல் அறுவைத் துறைத் தலைவரே எடுப்பதாக ஏற்பாடு. வள்ளித்தாய் குறுக்கே பேசினார். "இந்தப் பாப்பாவே புடுங்கட்டும். இனிமே எனக்கு இதை விட ஜாக்கிரதையா யாரு பாப்பா?"

டிசம்பரில் ஒரு புதன்கிழமை காலையில் அது நடந்தது. துறைத் தலைவர் பக்கத்தில் நின்றார். அன்று காலை எடுத்த ரத்தச் சோதனை சரியாக இருந்தது. வால்வு மாத்திரையை நிறுத்தவில்லை. வால்வில் கிருமி போய் உட்காராமல் இருக்க ஒரு மணி நேரம் முன்னதாக மருந்து கொடுத்தார்கள். அந்தச் சீட்டு என் ஜன்னலுக்கு வந்தபோது நான் மூன்று முறை படித்தேன். பாண்டிச்செல்வி பல்லை எடுத்து, தையல் போட்டு, பஞ்சு வைத்து அழுத்தி, இரண்டு மணி நேரம் நாற்காலி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ரத்தம் நின்றது. மேடம் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். நல்ல சேதி வந்ததும் என் அறைக்கு வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடி ஜெபித்தார்.

அதன் பிறகு மேடத்தின் வகுப்பே வேறு மாதிரி ஆனது. கட்டங்களை அவர் விட்டுவிடவில்லை, பரீட்சைக்கு அது வேண்டுமே. ஆனால் வாரம் ஒரு நாள் கட்டம் கிடையாது. பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ளவர்கள் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று பார்த்து எழுதிவர வேண்டும். பேர் தெரியாமல் தாளில் மடித்து வைத்த மாத்திரைகள், கடையில் பல் வலிக்கு என்று சேர்த்துக் கொடுக்கும் 'செட்', மூட்டு வலிக்கு வருடக்கணக்காகப் போடும் ஸ்டீராய்டு என்று வகுப்புக்கு வந்து குவிந்தன. ஒருத்தி தன் அத்தை கர்ப்பமாக இருப்பதையே மாத்திரை பற்றி விசாரிக்கப் போய்த்தான் தெரிந்துகொண்டாள். வேறொருவன், வலி மாத்திரை சாப்பிட்டால் மூச்சு முட்டும் என்று பக்கத்து வீட்டு ராக்கப்பன் சொன்னதை எழுதி வந்தான். அலர்ஜி என்று கேட்டிருந்தால் ராக்கப்பன் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். 'எந்த மாத்திரையாவது உங்களுக்குச் சேராமப் போயிருக்கா?' என்று கேட்க அன்றிலிருந்து பழகினோம்.

ஓ.பி. சுவரில் புது அட்டை ஒன்று வந்தது. அதில் மருந்துப் பெயரே இல்லை, ஐந்தே கேள்விகள்தான், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. அதே கேள்விகளை என் ஜன்னலிலும் ஒட்டிக்கொண்டேன். மேலே ஓ.பி.யில் ஒரு முறை கேட்டார்களே என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். ஒரு முறை கேட்காமல் விட்ட கதையை நான் சுருக்கமாகச் சொல்வேன். பிறகு பையைத் திறப்பார்கள்.

வள்ளித்தாய் அதற்குப் பிறகு நான்கு வருடம், தீபாவளி கழிந்த மாதத்தில், புது வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் வருடத்துக்குள் அவருக்கு அது கைவந்துவிட்டது. சரியாகக் கேட்காத பிள்ளைக்கு லேசில் பதில் சொல்ல மாட்டார். மேடத்தைவிட அவர்தான் கண்டிப்பான வாத்தியார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். ஓர் ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலில் பொங்கல் வைக்கும்போது மேடத்தையும் ஜெபசுந்தர் சாரையும் கூப்பிட்டிருந்தார். இருவரும் வந்து, ஆற்று மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பாண்டிச்செல்வி பயிற்சி முடித்து, இரண்டு வருடம் ஒரு கிளினிக்கில் இருந்து, பிறகு சிவகாசியில் சொந்தமாகத் தொடங்கினாள். நான் 2009 கடைசியில் கல்லூரியை விட்டு சாத்தூரில் மருந்துக்கடை வைத்தேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் மேடத்திடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவருக்கு ஒரு போன் வந்தது. கோவில்பட்டியில் கிளினிக் வைத்திருக்கும் பழைய மாணவன். ஆஸ்துமாவுக்கு மாத்திரை போடும் ஒரு பெரியவருக்குப் பல்லில் சீழ், எரித்ரோமைசின் எழுதலாமா என்று கேட்டான். மேடம் பதில் சொல்வதற்கு முன்னால், "கேட்டதுக்கு ரொம்ப நன்றிப்பா" என்றார். பிறகு அந்த ஆஸ்துமா மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதோடு எரித்ரோமைசின் சேராது என்று நினைக்கிறேன், புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன், அதுவரை எதுவும் எழுதாதே என்றார்.

யார் போன் செய்தாலும் மேடம் இப்படித்தான் முதலில் நன்றி சொல்கிறார், நாங்கள்தானே சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை அன்று அவரிடம் சொன்னேன். "அவங்க கேக்குறாங்கள்ல மாரிக்கண்ணன், எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து தடிப் புத்தகத்தை இறக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொன்ன பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன்.